பலா மரத்து ஆணி

எங்கள் கொல்லையில் நின்ற பலா மரத்துக்கு வீட்டில் பெரிய மரியாதை எதுவும் இருந்ததில்லை. ஒரத்தநாட்டுப் பக்கம் பலாவுக்குக் குறைச்சல் கிடையாது. சித்திரை, வைகாசியில் தெருவில் நடந்தால் எந்த வீட்டில் பழம் அறுக்கிறார்கள் என்று மூக்கு சொல்லிவிடும். எங்கள் வீட்டுப் பழத்தை மட்டும் அறுத்துப் பார்த்துத்தான் பலா என்று நம்ப வேண்டும். சுளை வெளுத்து, சப்பென்று இருக்கும். ஆளுக்கு ஒன்று வாயில் போட்டுவிட்டு மிச்சத்தை மாட்டுக்கு வைத்துவிடுவோம்.

அப்பா மட்டும் அந்த மரத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். "காய்க்காமலே நின்ன மரம் இது. நான் ஆணி அடிச்சுத்தான் காய்ச்சுது" என்பார். காய்க்காத மரத்தில் இரும்பு ஆணி ஒன்றை அடித்து இறக்கினால் மரம் பயந்துபோய்க் காய்க்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த ஆணிப் பெருமையை நானும் என் தங்கையும் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். ஒருமுறைகூடக் காதில் வாங்கிக்கொண்டதில்லை.

நான் போலீஸ்காரி. ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றேன். சங்கீதத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், தை மாதத்தில் திருவையாற்றுக்கு பந்தோபஸ்துக்குப் போய் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதுதான். வீட்டுக்கு வந்த சங்கீதம் முழுவதும் தங்கைக்குப் போய்விட்டது. என்னைவிட ஏழு வயது சின்னவள். இசைக் கல்லூரியில் வீணை படித்தாள், கல்யாணம் வேண்டாம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டு அப்பாவோடு ஊரிலேயே இருந்து வீணை சொல்லிக்கொடுத்தாள். நான் தஞ்சாவூரில் குடியிருந்தேன். அம்மா போன பிறகு வாரக் கடைசியில் தவறாமல் ஊருக்குப் போய்விடுவேன்.

அவளிடம் படித்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெற்றவர்கள் வாசலில் வந்து நின்று, "வீணையைத் தூக்கிட்டு பஸ்ல ஏற முடியலைங்க டீச்சர். கீபோர்டுன்னா பையில போட்டுக்கும்" என்பார்கள். இவளும் சிரித்துக்கொண்டு சரி என்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகள் வராவிட்டாலும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் அவள் தனக்காக வாசிப்பாள். அப்பா டிவியை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். என்ன ராகம் என்று எனக்குத் தெரியாது. ஸ்டேஷனில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவளுக்கு அந்த நேரம் தேவைப்பட்டது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பிறகு அந்தப் புயல் வந்தது. கடைமடைப் பக்கம் தென்னை ஒன்றுகூட மிச்சமில்லாமல் சாய்த்துவிட்டுப் போன புயல். மறுநாள் ரோட்டில் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அப்பா நன்றாக இருந்தார், தங்கை நன்றாக இருந்தாள். மேற்கு அறையின் ஓட்டுக்கூரை உள்ளே விழுந்து கிடந்தது. வீணை அதற்கு அடியில் இருந்தது. குடம் இரண்டாகப் பிளந்து, கழுத்தாக நீளும் தண்டி ஒடிந்து, அதன் நுனியிலிருந்த யாளி முகம் மட்டும் முழுசாக இருந்தது. கொல்லையில் பலா மரம் வேரோடு படுத்திருந்தது.

தங்கை அழவில்லை. ஓட்டுச் சில்லுகளை ஒதுக்கி யாளி முகத்தை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தாள். கொல்லைக்குப் போய் விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, இந்த மரத்த யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றாள்.

"ஏண்டி?"

"பலா மரத்துலதான் வீணை செய்வாங்க."

எனக்கு அது தெரியாது. இத்தனை வருஷம் வீட்டில் வீணை இருந்தும் அது எந்த மரம் என்று கேட்டதில்லை. தஞ்சாவூர் வீணை என்றாலே பலாதான், அதிலும் குடம், தண்டி, யாளி எல்லாம் ஒட்டு இல்லாமல் ஒரே மரத்தில் கடைந்தால் அதற்கு ஏகாண்ட வீணை என்று பெயர், அதன் நாதமே தனி என்று அவள் சொன்னாள். அவளுடைய பழைய வீணை ஒட்டு வீணை. மாட்டுக்கு மட்டும் பிடித்த பழத்தைக் காய்த்த மரத்துக்கு வந்த வாழ்வைப் பார் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லவில்லை.

தஞ்சாவூரில் வீணை செய்கிற தம்பி ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். நாற்பது வயது இருக்கும். போனை ஒரு காதில் வைத்துக்கொண்டே மரத்தைச் சுற்றி வந்தார். பருமன் போதும், ஆனால் ஈரம் முழுக்கப் போக வேண்டும், அதற்குச் சில வருஷங்கள் ஆகும், அவசரப்பட்டால் கடைந்த பிறகு வெடித்துவிடும் என்றார். அடிமரத்தை மட்டும் வெட்டி மாட்டுக்கொட்டகையில் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்தோம். அப்பா தினமும் அதன் மேல் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

அந்த வருஷங்களில் ஒரு வேடிக்கை நடந்தது. ஊரடங்கு வந்து எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது, யாரோ சொல்லி யாரோ கேட்டு, தங்கைக்குப் போனில் பிள்ளைகள் சேர ஆரம்பித்தார்கள். முதலில் சிங்கப்பூரில் ஒரு பெண் குழந்தை. அப்புறம் அதன் அம்மா. குவைத்தில் ஒரு குடும்பம். கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பெண் டாக்டர், "சின்ன வயசுல எதிர் வீட்டுல கேட்டது, ஆசை விடல டீச்சர்" என்று சேர்ந்தார். பஸ்ஸில் ஏற மாட்டேன் என்ற வீணை விமானத்தில் ஏறிப் போனது. வீணைத் தம்பியின் பட்டறையில் வெளிநாட்டுக்குப் போகிற மரப்பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. போன் செய்தால் எடுக்கவே மாட்டார்.

ஊரெல்லாம் வீணை திரும்பி வந்துகொண்டிருந்தது, எங்கள் வீட்டில் மட்டும் வரவில்லை. முன்னாள் மாணவி ஒருத்தி விட்டுப் போன சின்ன வீணையை வைத்துத்தான் தங்கை பாடம் நடத்தினாள். பாடம் முடிந்ததும் உறையை மாட்டிவிடுவாள். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு டிவிதான் ஓடியது. "நீ வாசிக்கிறதே இல்லையேடி" என்று கேட்டால், "தெனமும் கிளாஸ் எடுக்கிறேனே" என்பாள். வேறு வீணை வாங்கிக்கொள் என்று நானும் அப்பாவும் எத்தனையோ தடவை சொன்னோம். மரம் காயட்டும் என்று ஒரே பதில். பிடிவாதத்தில் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

மரம் காய்ந்த வருஷம், பங்குனியில், பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து, என் போன் வழியாக, அவளுக்கு வேலை வந்தது. கீபோர்டு டீச்சர், முழு நேரம், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் கொட்டகையில் மரத்தைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"இதுல வீணை வந்துச்சுன்னா வாசிப்பேன்க்கா. வரலைன்னா அந்த வேலைக்குப் போயிடுறேன். போன் கிளாஸையும் நிறுத்திடுறேன். எதுக்கு இழுத்துக்கிட்டு?"

அவள் மிரட்டுகிற ஜாதி இல்லை. சொன்னால் செய்துவிடுவாள். எனக்கு மரமும் முக்கியமில்லை, வீணையும் முக்கியமில்லை. சாயங்காலம் அவள் வாசிக்க வேண்டும், நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சித்திரை பிறந்ததும் மரத்தை டிராக்டரில் ஏற்றி மரவாடிக்குக் கொண்டு போனோம். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துதான் பட்டறைக்குப் போக வேண்டும். வருகிறேன் என்று அடம்பிடித்து அப்பாவும் காரில் வந்தார். மரவாடிக்காரர் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதல் கேள்வியாக, "கொல்லை மரமா? ஆணி எதுவும் இல்லையே?" என்றார்.

"இல்லைங்க" என்றேன் நான்.

"இருக்கு" என்றார் அப்பா, காருக்குள்ளிருந்து. "இடுப்பு உயரத்துல. நான் அடிச்சது. அதனாலதான் காய்ச்சுது."

மரவாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். வீட்டு மரம் என்றாலே அவர்களுக்குப் பயம். கொடிக்கயிற்று ஆணி, ஊஞ்சல் ஆணி என்று ஏதாவது உள்ளே இருந்து ரம்பத்தைப் பதம் பார்த்துவிடும். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் பெருமையாகச் சொன்ன விஷயம்தான். அது உண்மையிலேயே மரத்துக்குள் இருக்கிற ஒரு இரும்பு என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. தங்கையின் முகம் வெளுத்துவிட்டது.

கெஞ்சிக் கூத்தாடி, ரம்பம் போனால் எங்கள் பொறுப்பு என்று சொல்லி, மெதுவாக ஓட்டச் சொன்னோம். ரம்பம் எதிலும் இடிக்காமல் வெளியே வந்தது. மூச்சு விட்டோம். ஆனால் பிளந்த இரண்டில் ஒன்றில், புயல் முறுக்கிய முறுக்கில், நீளத்துக்கும் விரிசல் ஓடியிருந்தது. வீணைக்கு மிஞ்சியது ஒரே ஒரு பாதி.

பட்டறையில் அந்தப் பாதியைப் படுக்க வைத்து வீணைத் தம்பி கரியால் கோடு போட்டார். அடிமரத்தின் பருத்த இடத்தில் குடம். மேலே தள்ளினால் பருமன் போதாது. அப்பா சொன்ன இடுப்பு உயரம் சரியாகக் குடத்துக்குள் வந்தது.

"குடத்த உள்ள கொடைஞ்சு எடுத்துட்டா சுவர் விரல் கனம்தான் மேடம் மிஞ்சும். ஆணி அந்தச் சுவத்துல மாட்டிச்சுன்னா போச்சு. ஓட்டை விழும், கறுத்தும் போயிடும். உள்ள தள்ளி இருந்தா கொடையிற தூளோட வந்துடும்" என்றார். போலீஸ் என்பதால் நான் அவருக்கு மேடம், தங்கை டீச்சர்.

"எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"எப்ப அடிச்சதுன்னு சொல்லுங்க. மரம் வெளிப்பக்கமாத்தான் பருக்கும். ஆணி அடிச்ச எடத்துலயே நின்னுக்கும். மரம் சின்னதா இருக்கிறப்ப அடிச்சிருந்தா நடுவுல இருக்கும். அது கொடையிற பக்கம், கவலை இல்ல. பெருசானப்புறம் அடிச்சிருந்தா சுவத்துப் பக்கம்."

அப்பாவிடம் கேட்டோம். "சின்னவ பொறந்த வருஷம்" என்றார், யோசிக்காமல். அப்படியானால் மரம் கன்று மாதிரி. என் வயதுதான் அதற்கும், அப்போது ஏழு. தங்கைக்கு உயிர் வந்தது. எனக்கு வரவில்லை. ஏனென்றால் அப்பா அந்த மரத்தில் ஆணி அடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். போலீஸ் வேலைக்கு உத்தரவு வந்து, ட்ரெயினிங் போவதற்கு முந்தின வாரம். அப்பா சுத்தியலோடு மரத்தடியில் நின்றது, நான் கிட்டே போனதும் "தள்ளிப் போ" என்று அதட்டியது, எல்லாம் அப்படியே நினைவில் இருந்தது. அப்போது மரம் நான் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். என் சாட்சி சரியென்றால் ஆணி சுவரில்.

கோர்ட்டில் எத்தனையோ வக்கீல்கள் குறுக்குக் கேள்வி கேட்டும் என் சாட்சியம் பிசகியதில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு. வாழ்க்கையில் முதல்முறையாக நான் பார்த்தது பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் செக்யூரிட்டி மேற்பார்வை பார்க்கிறேன். பெரிய மனிதர்கள் வருகிற கல்யாணங்களில் வாசலில் தடவிப் பார்க்கிற மெட்டல் டிடெக்டர் ஒன்று அங்கே இருந்தது. மேனேஜரிடம் சொல்லி அதைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். மரத்தின் பிளந்த பக்கம் வைத்தேன், கத்தியது. புரட்டிப் போடச் சொல்லிப் பட்டைப் பக்கம் வைத்தேன், அங்கேயும் கத்தியது. அப்படியென்றால் ஆணி இரண்டுக்கும் நடுவில், சுவர் வர வேண்டிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து வந்த தங்கை, "அந்தப் பள்ளிக்கூடத்து நம்பர் உங்க போன்லதானே இருக்கு?" என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன்.

வீணைத் தம்பி மட்டும், "வெளிப்பக்கம் செதுக்கிப் பார்ப்போம் மேடம், வந்தா வருது" என்றார். நல்ல நாள் பார்த்து, கற்பூரம் ஏற்றி, செதுக்குகிற வாச்சியை எடுத்தார்.

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது. அவராகவே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "மேடம், ஆணி வந்துடுச்சு. வெளிப்பக்கத்துலயே வந்துடுச்சு. கழிக்க வேண்டிய மரத்துலதான் இருந்துச்சு. டீச்சரையும் கூட்டிட்டு வாங்க."

ஓடினோம். பட்டறையில் ஒரு செதிலை எடுத்து நீட்டினார். துருப்பிடித்த கூரை ஆணி ஒன்று, அதன் தலைப் பக்கம் சுருண்டு போன நீல ரப்பர் துண்டு. ஹவாய் செருப்பின் வார். அது எப்படி அங்கே வந்தது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. ஆணி வந்துவிட்டது, குடம் தப்பித்தது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பும் வழியில் அரைக்கிலோ அசோகா அல்வா வாங்கிக்கொண்டு நேராக ஊருக்குப் போனோம்.

அப்பா ஆணியை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ரப்பரை நகத்தால் நிமிண்டினார்.

"இது பெரியவளோட செருப்பு" என்றார். "மரம் காய்ச்சுத் தொங்குதேன்னு கண்ணு பட ஆரம்பிச்சுது. அதான் பழஞ்செருப்பு ஒண்ண மாட்டி வச்சேன். நீ ட்ரெயினிங் போறப்ப ஒத்தச் செருப்பக் காணோம்னு தேடுனியே."

தேடினேன். வீடு முழுக்கத் தேடிவிட்டுப் புதுச் செருப்போடு போனேன். திருஷ்டிக்கு மாட்டிய செருப்பைச் சம்பந்தப்பட்டவளிடம் சொல்லக் கூடாதாம், அதனால்தான் என்னைத் தள்ளிப் போகச் சொன்னாராம். மாட்டுவதற்காகத் தட்டிய ஆணி என்பதால் நுனி மட்டும்தான் மரத்தில் இறங்கியிருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த மிச்சத்தையும் செருப்பு வாரையும் மரம் பிறகு மெல்ல மூடிக்கொண்டது.

"அப்ப காய்க்க அடிச்ச ஆணி?" தங்கைதான் கேட்டாள்.

"அது உள்ளதான் இருக்கு. அது பெரிய ஆணி" என்றார் அப்பா.

அல்வாப் பொட்டலம் என் கையில் பிரிக்காமலே இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. டிடெக்டர் இரண்டு பக்கமும் கத்தியது ஒரு ஆணிக்காக அல்ல. பட்டைப் பக்கம் ஒன்று, பிளந்த பக்கம் ஒன்று. நான் பார்த்ததும் உண்மை, அப்பா சொன்னதும் உண்மை. நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு ஆணிக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தோம்.

"சின்னவ பொறந்த வருஷம்தானேப்பா? நல்லா ஞாபகம் இருக்குல்ல?" என்றேன்.

இத்தனை காலம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவர், வேண்டிய நேரத்தில் இழுக்க ஆரம்பித்தார். "பொறந்த வருஷம்தான்... இல்ல, அவ பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷமோ? அந்த வருஷம்தான் ஆத்துல தண்ணி வரல." எனக்கு வந்த கோபத்தில் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன். பலா நின்ற இடத்தில் இப்போது அப்பா வைத்த வாழைக் கன்றுகள். அவற்றிலாவது ஆணி அடிக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுபடி டிடெக்டரைக் கேட்டால் முகூர்த்த நாள், மண்டபத்தை விட்டு நகராது என்றார்கள். "வேண்டாம் மேடம், கொடைஞ்சா தெரிஞ்சுடப் போவுது" என்றார் வீணைத் தம்பி. அவருக்கும் உள்ளூர உதறல்தான். குடையும் வேலையை இரண்டு தடவை தள்ளிப் போட்டார்.

குடைந்த அன்று மூன்று பேரும் போனோம். அப்பா பட்டறைக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தங்கை உள்ளே வர மாட்டேன் என்று சந்தில் என் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தாள். வெளிப்பக்கம் செதுக்கி முடித்து, குடத்தின் வயிறும் தண்டியும் அடையாளம் தெரிந்தது. தம்பி கொட்டாப்புளியால் உளியைத் தட்டித் தட்டி நடுவிலிருந்து மரத்தை வாரி எடுத்தார். மஞ்சள் சீவல்கள் காலடியில் குவிந்தன. பலாவின் மணம் வந்தது, எங்கள் மரத்தின் பழத்தில் வராத மணம்.

ஒரு தட்டில் சத்தம் மாறியது. உளி இரும்பில் பட்டது. தம்பி கையை நிறுத்தினார்.

நான் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் மரத்தில் மை சிந்தின மாதிரி கறுப்பு. அவர் சின்ன உளி ஒன்றை எடுத்து, கறுப்பைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளினார். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து ஊன்றுகோலோடு வந்து குனிந்து நின்றார். நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை, பெரிய கோயில், புன்னைநல்லூர் எல்லாவற்றுக்கும் வேண்டிக்கொண்டேன் போலிருக்கிறது. தம்பி குறட்டால் பிடித்து ஆட்டி இழுத்தார். ஆணி வந்தது. விரல் நீளம், தலை சப்பையாகி, கன்னங்கரேல் என்று.

அதை அப்பா கையில் வைத்துவிட்டு, குழிக்குள் விரலை விட்டு அளந்தார். வெளிப்பக்கம் இன்னொரு கையை வைத்து, இடையில் இருந்த கனத்தையும் அளந்தார்.

"டீச்சர்," என்று சந்தைப் பார்த்துக் கூப்பிட்டார், "உள்ள வாங்க."

தங்கை வாசல்படியில் வந்து நின்றாள். "சுவரு?" என்றாள்.

"சுவருக்கு இன்னும் நாலு விரல் கிட்ட இருக்குங்க. இந்தக் கறுப்பையும் சேர்த்து வாரிட்டாலும் அதுக்கு மேல எடுக்க வேண்டிய மரம் இருக்கு."

அவள் அப்படியே சீவல் குவியலில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் எனக்கும் அதேதான் நடந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் எத்தனையோ காணாமல் போன பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைத்திருக்கிறேன். அந்தத் தாய்மார்கள் ஏன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, பசி எடுத்தது. காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை.

"நான்தான் சொன்னேனே, சின்னவ பொறந்த வருஷம்னு" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்கப்பா" என்றோம் இரண்டு பேரும்.

பக்கத்துக் கடையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தங்கை என் போனை வாங்கினாள். பள்ளிக்கூடத்து நம்பர் அதில்தான் இருக்கிறது என்று அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. மன்னிச்சுக்குங்க, வர முடியாது என்று சொல்லிவிட்டு, போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மிச்ச வேலைக்கு ஆடி, ஆவணி ஆனது. மேல்பலகை மூடி, பித்தளை மெட்டுகளைக் கருப்பு மெழுகில் பதித்து, தந்தியை முறுக்குகிற பிரடைகளைப் பொருத்தினார்கள். யாளி முகம் இந்த மரத்திலேயே செதுக்கியது. பழைய யாளி இன்னும் எங்கள் அலமாரியில் உட்கார்ந்து புதியதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குடத்தை மூடுவதற்கு முன் தம்பி எங்களைக் கூப்பிட்டு உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். சுவர் முழுக்கச் சுத்தமான மஞ்சள். ஒரு ஓரத்தில் மட்டும் ஆணியின் இரும்புக் கறை மர நரம்பு வழியாக இறங்கி, நிழல் மாதிரி லேசாகத் தெரிந்தது. "தேய்ச்சு எடுத்துடவா?" என்றார். தங்கை வேண்டாம் என்றாள்.

புரட்டாசியில், நவராத்திரிக்குச் சில நாள் முன்னால், வீணை வீட்டுக்கு வந்தது. சிங்கப்பூர்க் குழந்தை போனில் பார்க்க வேண்டும் என்று கேட்டது, டாக்டரம்மா கூத்தாநல்லூரிலிருந்து நேரிலேயே வருகிறேன் என்றார். தங்கை எல்லாரையும் இரண்டு நாள் பொறுக்கச் சொன்னாள். விளக்கு வைத்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்தாள். நான் சுவரில் சாய்ந்து என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். அப்பா டிவியை அணைத்தார். ரிமோட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் வெகுநேரம் சுருதி சேர்த்தாள். பிறகு வாசித்தாள். ராகத்தின் பெயர் எனக்கு இப்போதும் தெரியாது. பழைய வீணையைவிட நாதம் ஆழமாக இருந்தது, ஒரு மீட்டல் அடங்குவதற்குள் அடுத்தது வந்து சேர்ந்துகொண்டது. விரல்கள் முதலில் தயங்கின, போகப் போகத் தெளிந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் வாசிக்கிறாள், நான் கேட்கிறேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அப்பா இரண்டு ஆணிகளையும் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசிப்பின் நடுவில், யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"இப்பத்தான் காய்ச்சிருக்கு."

தங்கைக்குக் காதில் விழுந்தது. தலையைக் குனிந்தபடியே சிரித்தாள். விரல்கள் நிற்கவில்லை.